கரடிக்கு எந்தத் துப்பாக்கி?

வேட்டைக் கதைகள் படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்குக் கென்னத் ஆண்டர்சனைத் தெரியாமல் இருக்காது. 1910-ல் பிறந்தவர். பெங்களூர்வாசி, ஸ்காட்லாந்து வழி வந்த குடும்பம். 1974-ல் காலமானார். ஓசூர், பென்னாகரம், சின்னாறு, தலைமலை என்று நம் பக்கத்துக் காடுகளையெல்லாம் காலால் அளந்தவர். ஏலகிரி மலையில் ஆளைத் தின்ற சிறுத்தையைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ஏலகிரி அப்போது எங்கள் வடஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. திருவண்ணாமலையும் 1989-ல் தனி மாவட்டம் ஆகும்வரை அதே வடஆற்காடுதான்.

இந்த ஆண்டர்சன் பெரும்பாலும் தூக்கிக்கொண்டு திரிந்தது .405 வின்செஸ்டர் என்ற ஒரு துப்பாக்கி. அமெரிக்கச் சரக்கு. அந்தக் காலத்து வெள்ளைக்கார வேட்டைக்காரர்களின் பெருமை எல்லாம் லண்டனில் செய்த இரட்டைக் குழல் ரைபிளில் இருந்தது. இவர் அதை விட்டு, கௌபாய் சினிமாவில் வருகிற மாதிரி கீழே ஒரு நெம்புகோலை இழுத்துத் தள்ளிச் சுடுகிற துப்பாக்கியை வைத்திருந்தார். ஏன்?

எனக்கு இந்தக் கேள்வியில் ஆர்வம் வந்தது வேட்டையால் அல்ல. நான் ஒரு கொக்கைக்கூடச் சுட்டதில்லை. ரெவின்யூ இலாகாவில் இருந்த காலத்தில் சில ஆண்டுகள் ஆயுத உரிமக் கோப்புகள் வருகிற பிரிவில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கோப்புகளில் 'துப்பாக்கியின் வகை' என்று ஒரு கலம் உண்டு. அதில் எழுதியிருப்பதைப் படித்துப் படித்து, யாரிடம் எது இருக்கிறது, ஏன் அது இருக்கிறது என்று யோசிக்கிற பழக்கம் வந்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு நூலகத்தில் பழைய வேட்டைப் புத்தகங்களைத் தேடிப் பிடித்துப் படித்ததும் அதனால்தான்.

முதலில் காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்கள் காடு என்றால் உயரமான மரங்களை நினைக்கிறார்கள். ஜவ்வாது மலையின் உச்சிப் பகுதியில் அப்படி இருக்கலாம். செங்கம், போளூர் பக்கத்துச் சரிவுகள் வேறு. காரை, சூரை, இண்டு, கள்ளி. இடையிடையே மூங்கில். போதாக்குறைக்கு வெள்ளைக்காரன் தோட்டத்தில் அழகுக்கு வைத்து, பிறகு காடெல்லாம் பரவிப்போன உண்ணிச்செடி. கிரிவலப் பாதையில் காலையில் நடக்கிறவர்கள் பார்த்திருப்பீர்கள்: புள்ளிமான் சாலையோரத்தில் நிற்கும், ஒரு துள்ளு துள்ளும், அவ்வளவுதான். பத்தடி உள்ளே போயிருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. இந்த மாதிரி இடத்தில் இருபது முப்பது கஜத்துக்கு மேல் எதையும் சுடவே முடியாது. எட்டு நூறு கஜம் குறி தவறாத துப்பாக்கி இங்கே யாருக்கு வேண்டும்?

இந்தப் புதருக்குள் மான் ஒரு விதமான சிக்கல், கரடி வேறு விதமான சிக்கல்.

மான் ஓடிவிடும். நெஞ்சில் சரியாகக் குண்டு பட்ட மானும் அங்கேயே விழுவது அபூர்வம். ஐம்பது அறுபது கஜமாவது ஓடி விழும். வெட்டவெளியில் அது பெரிய விஷயம் இல்லை. புதரில் அந்த ஐம்பது கஜம் என்பது மானைக் கண்டுபிடிப்பதா, அல்லது நரிக்கும் கழுகுக்கும் விடுவதா என்ற கேள்வி. ரத்தச் சுவடு விழுந்தால்தான் கண்டுபிடிக்கலாம். ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறுகிற கனமான குண்டு இரண்டு ஓட்டை போடும், சுவடு நன்றாக விழும். சின்ன ரவைகள் உள்ளேயே தங்கிவிடும். ஒரு சொட்டு ரத்தம் தரையில் விழாமல் மான் போய்ச் சேரும். கடமான் போன்ற பெரிய மிருகம் என்றால் ரவை பட்ட காயத்தோடு நாள்கணக்கில் அலைந்து சாகும்.

கரடி ஓடாது. ஓடினாலும் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. நம் ஊர்த் தேன்கரடிக்குக் கண் மந்தம், காதும் அப்படி ஒன்றும் கூர்மையில்லை. மூக்கு மட்டும்தான். மேல்வாயின் முன்பல் இரண்டு அதற்குக் கிடையாது. அந்தச் சந்து வழியாகக் கரையானை உறிஞ்சும். உறிஞ்சுகிற சத்தம் தொலைவுக்குக் கேட்கும். ஆனால் புற்றுக்குள் தலையை விட்டிருக்கும் நேரத்தில் நாம் பக்கத்தில் போய் நின்றாலும் அதற்குத் தெரியாது. தெரியும்போது பத்தடியில் நிற்போம். அது பயந்து போய்ப் பாயும். பாய்ந்தால் முகத்தில்தான் கைவைக்கும். புலி கடித்துச் செத்தவனைப் பற்றிப் பேசுவார்கள். கரடி அறைந்தவன் பெரும்பாலும் பிழைத்திருப்பான், அதுதான் அவன் கஷ்டம். மரத்தில் ஏறித் தப்பலாம் என்றால் அது நம்மைவிட நன்றாக ஏறும்.

இருபது கஜத்தில் இருந்து பாய்கிற கரடி நம்மிடம் வந்து சேர இரண்டு மூன்று வினாடி. அதற்குள் துப்பாக்கியைத் தோளில் வைத்து, சுட்டு, அது நிற்கவில்லை என்றால் மறுபடியும் சுட வேண்டும். நீளமான கறுப்பு மயிருக்குள் உடம்பு எங்கே என்பதே சரியாகத் தெரியாது. நெஞ்சில் இருக்கிற அந்த வெள்ளை வளைவு ஒன்றுதான் அடையாளம்.

ஆக, புதர்க்காட்டுத் துப்பாக்கிக்கு வேண்டியவை: குட்டையாக, கைக்கு லகுவாக இருக்க வேண்டும். குண்டு கனமாக இருக்க வேண்டும். இரண்டாவது குண்டு உடனே கிடைக்க வேண்டும். இந்த மூன்றும் ஒரே துப்பாக்கியில் சேர நூறு வருஷம் ஆயிற்று.

சாமுவேல் பேக்கர் இலங்கையில் நுவரெலியாவில் 1848 முதல் சில ஆண்டுகள் குடியிருந்தவர். பிற்பாடு நைல் நதியின் மூலத்தைத் தேடிப்போன அதே பேக்கர்தான். அவர் காலத்துத் துப்பாக்கி வாய் வழியாகக் கெட்டிக்கிறது. மலைக்காட்டின் அடர்த்தியில் கடமான் வேட்டைக்கு அவர் துப்பாக்கியையே எடுத்துப் போகவில்லை. வேட்டை நாய்களை விட்டு மானைத் தண்ணீரில் மடக்கி, இடுப்புக் கத்தியால் குத்திக் கொன்றார். படிக்கச் சகிக்கவில்லை, ஆனாலும் யோசித்துப் பார்த்தால் அவர் கணக்கு சரிதான். கண்ணுக்குத் தெரியாததைக் குறி பார்க்க முடியாது, நாய்க்குக் கண் வேண்டியதில்லை.

நாய் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும், இது விஷயத்துக்குச் சற்று வெளியே. தண்டராம்பட்டு பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு இறந்த வீரனுக்கு எடுத்த கல். அவனுடைய நாய் கோவிவன், இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் காத்தது என்று நாயின் பெயரோடு எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. நாயையும் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். செங்கம் வட்டாரத்து நடுகற்களை நாகசாமி பதிப்பித்து 1972-ல் தொல்லியல் துறை வெளியிட்டது. விருப்பம் உள்ளவர்கள் தேடிப் பார்க்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். பேக்கருக்குப் பிறகு ஜேம்ஸ் ஃபார்சைத் என்று ஓர் அதிகாரி, மத்திய மாகாணத்தில் இருந்தவர். 1863-ல் துப்பாக்கியைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். அந்தக் காலத்து ரைபிள்களின் குழலுக்குள் வெட்டியிருக்கும் முறுக்குக் கோடுகள் மிக நெருக்கமானவை. பெரிய மருந்தளவு போட்டால் ஈயக் குண்டு அந்தக் கோடுகளைப் பிடிக்காமல் வழுக்கிவிடும். ஃபார்சைத் சொன்ன வழி: 14 போர் குழல், 104 அங்குலத்துக்கு ஒரே ஒரு சுற்று முறுக்கு. அதாவது குழலின் நீளத்துக்குள் குண்டு கால் சுற்றுதான் சுற்றும். உருண்டைக் குண்டுக்கு அது போதும். நிறைய மருந்து போடலாம், குண்டு நேராகவும் போகும்.

'போர்' கணக்கு புரியாதவர்களுக்கு: ஒரு பவுண்டு ஈயத்தில் இத்தனை உருண்டை என்பதே அந்த எண். 14 போர் என்றால் ஒரு பவுண்டில் 14 உருண்டை, ஒவ்வொன்றும் சுமார் 32 கிராம். 12 போர் என்றால் 12 உருண்டை, ஒன்று சுமார் 38 கிராம். அதனால்தான் எண் சின்னதானால் குழல் பெரிது. 12 போரை விட 16 போர் பெரியது என்று நினைத்து என்னிடமே வாதாடிய மனுதாரர்கள் உண்டு.

32 கிராம் ஈய உருண்டை பட்டால் கடமான் நிற்கும், கரடியும் நிற்கும். ஆனால் கரிமருந்துக்கு ஒரு குணம் இருக்கிறது, புத்தகங்களில் அதிகம் பேசமாட்டார்கள். புகை. சுட்டவுடன் முன்னால் வெள்ளையாக ஒரு திரை விழும். காற்று வீசுகிற வெளியில் அது கலைந்துபோகும். புதருக்குள் அப்படியே தொங்கும். கரடி விழுந்ததா, வருகிறதா என்று தெரியாது. வேட்டைக்காரர்கள் சுட்ட உடனே ஒரு பக்கமாகத் தாவிக் குனிந்து பார்ப்பார்களாம். குனிந்து பார்க்கிறவன் முகத்துக்கு நேராகவே கரடி வந்தால் என்ன செய்வது?

பிறகு தோட்டா வந்தது, பின்பக்கம் திறந்து போடுகிற துப்பாக்கி வந்தது. 1870-களில் 'எக்ஸ்பிரஸ்' ரைபிள் என்று ஒரு மோகம்: லேசான குண்டு, நுனியில் குழிவு, அதிக வேகம். மானுக்குப் பிரமாதம். ஆனால் கிட்டத்தில் கனமான மிருகத்தின் எலும்பில் பட்டால் அந்தக் குண்டு மேலேயே சிதறிவிடும் என்று சண்டை பிடித்தவர்களில் நம்ம பேக்கரும் ஒருவர். திட ஈயக் குண்டுதான் வேண்டும் என்றார். 1885-ல் கர்னல் ஃபாஸ்பெரி என்பவர் ஒரு யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். சாதாரண ஷாட்கன்தான், குழலின் கடைசிச் சில அங்குலத்தில் மட்டும் முறுக்குக் கோடு. 'பாரடாக்ஸ்' என்று பெயர் வைத்து ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி செய்தது. ஒரே துப்பாக்கியில் ரவையும் போடலாம், 12 போர் கனத்த குண்டும் போடலாம். காலையில் காடை, மாலையில் கரடி. இந்தியாவில் புதர்க்காட்டில் திரிந்த துரைமாருக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று கிடைத்திருக்காது என்பது என் எண்ணம்.

1890-களில் புகை வராத கார்டைட் மருந்து வந்ததும் எல்லாம் மாறியது. சின்னக் குழல், பெரிய வேகம். .450 இரட்டைக் குழல் ரைபிள் 1898-ல் வந்து பேர் வாங்கியது. இங்கேதான் துப்பாக்கி விஷயத்தில் சர்க்கார் மூக்கை நுழைக்கிறது. எல்லைப்புறத்தில் பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிகள் கலகக்காரர்கள் கையில் இருந்தன. அவையும் .450 அளவு. வேட்டைத் தோட்டாக்களின் குண்டை அதில் பயன்படுத்திவிடுவார்கள் என்று பயந்து, 1907 வாக்கில் .450 துப்பாக்கிகளை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை போட்டார்கள். உடனே லண்டன் கம்பெனிகள் .465, .470, .475 என்று ஒரு மயிரிழை தள்ளிப் புதுப்புது அளவுகளைக் கொண்டுவந்தன. நம் ஆட்கள் சட்டத்தில் சந்து கண்டுபிடிப்பதைப் பெரிதாகப் பேசுகிறோம். துரைமார் அதில் நமக்கு வாத்தியார்கள்.

.303-ம் அப்படியே. ராணுவ அளவு என்பதால் தனியாருக்குக் கிடையாது. அதற்குப் பதிலாகத்தான் .315 வந்தது. பி.எஸ்.ஏ. கம்பெனி அதே லீ வகை இயக்கத்தில், ஆஸ்திரியத் தோட்டாவுக்குச் செய்து இந்தியாவுக்கு அனுப்பியது. சுதந்திரத்துக்குப் பிறகு இஷாப்பூர் தொழிற்சாலையிலும் செய்தார்கள். நம் நாட்டில் லைசென்ஸ் உள்ள ஒருவரிடம் ரைபிள் இருக்கிறது என்றால் அது அநேகமாக .315 ஆகத்தான் இருக்கும். நல்ல துப்பாக்கி என்பதால் மட்டும் இல்லை. சட்டம் விட்ட இடைவெளியில் பிறந்த துப்பாக்கி அது.

இப்போது ஆண்டர்சனின் .405-ஐப் பாருங்கள். ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1895 மாடல் வின்செஸ்டர், அதில் .405 தோட்டா 1904-ல் வந்தது. சுமார் 19 கிராம் குண்டு, வினாடிக்குச் சுமார் 670 மீட்டர். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்து இறங்கிய கையோடு தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்கு இதைத்தான் கொண்டுபோனார். யானைக்கு இது போதாது என்பார்கள். கடமானுக்கும் கரடிக்கும் புலிக்கும் தாராளம். மேகசினில் நாலு, குழலில் ஒன்று, ஆக ஐந்து தோட்டா. இரட்டைக் குழல் ரைபிளில் இரண்டு முடிந்தால் திறந்து போட வேண்டும். இதில் நெம்புகோலை ஒரு தள்ளு. எடை குறைவு, விலையும் லண்டன் துப்பாக்கியின் பக்கத்தில் வராது. சம்பளக்காரரான ஆண்டர்சனுக்கு, அதுவும் விமானத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்தவருக்கு, இது முக்கியம். அதன் பின்னடி தோளை நொறுக்கும் என்று மட்டும் எல்லாரும் சொல்கிறார்கள்.

ஜிம் கார்பெட்டோடு ஒப்பிட்டால் விளங்கும். சம்பாவத் புலியைச் சுட்டதற்காக 1907-ல் அவருக்குப் பரிசாக வந்தது .275 ரிக்பி. குண்டு சுமார் 9 கிராம்தான். குமாவுன் மலையில் ஒரு சரிவில் உட்கார்ந்து எதிர்ச்சரிவைப் பார்க்கலாம், அங்கே அது போதும். அவரே கிட்டத்தில் ஆபத்தை எதிர்பார்த்த இடங்களில் .450/400 இரட்டைக் குழல் ரைபிளை எடுத்துக்கொண்டார். ஆண்டர்சன் திரிந்த தென்னாட்டுப் புதரில் எதிர்ச்சரிவு கிடையாது. எதிரில் இருப்பது இலை.

மைசூர் சமஸ்தானத்தில் அரசிக்கெரே பக்கம் ஒரு கரடி 12 பேரைக் கொன்று, இரண்டு டஜன் பேரைச் சிதைத்தது. ஆண்டர்சன் அதைத் தேடிச் சுட்ட கதை 1957-ல் வந்த அவருடைய இரண்டாவது புத்தகத்தில் இருக்கிறது. புலிக்கதைகளைவிட என்னைப் பாதித்தது அதுதான். ஒரே நாளில் கிடைக்கவில்லை. திரும்பத் திரும்பப் போக வேண்டியிருந்தது.

கனமான, மெதுவான குண்டு புதரை வெட்டிக்கொண்டு நேராகப் போகும் என்று வேட்டைக்காரர்கள் பல தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். பிற்காலத்தில் குச்சிகளை வரிசையாக நட்டு வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எந்தக் குண்டும் நேராகப் போவதில்லை. குச்சியில் பட்டால் எல்லாமே திசை மாறும், கனமானது சற்றுக் குறைவாக மாறலாம், அவ்வளவே. மிருகம் குச்சிக்கு ஓரடி பின்னால் நின்றால் பட்டுவிடும். பத்தடி பின்னால் நின்றால் அதன் விதி. ஆகவே புதர்க்காட்டில் துப்பாக்கியைவிட, இலைச் சந்து தெரியும்வரை சுடாமல் நிற்கிற ஆள்தான் தேவை. ஆண்டர்சனோடு காட்டில் நடந்த பழங்குடி வழிகாட்டிகளுக்கு அந்தப் பொறுமை இருந்தது. அவர்களுக்கு இல்லாதது ஐந்து தோட்டா.

இனி ஜவ்வாது மலைக்காரர்களின் துப்பாக்கிக்கு வருகிறேன். மலையாளிகள் என்று சொல்வார்கள். கேரளத்துக்காரர்கள் இல்லை, மலையை ஆள்கிறவர்கள். பேசுவது தமிழ். சாமை, தினை விதைப்பார்கள். அவர்கள் கையில் இருந்தது நாட்டுத் துப்பாக்கி. ஒற்றைக் குழல். குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரையோ துணியையோ வைத்து இடித்து, மேலே ஈயக் குண்டையோ ரவையையோ போட்டு, மறுபடியும் நாரை வைத்து இடித்து, பின்பக்கம் கேப்பு மாட்டிச் சுட வேண்டும். கைப்பழக்கம் உள்ளவனுக்கும் இதற்கு அரை நிமிஷம் ஆகும். மழைத்தூறலில் மருந்து நமுத்துப்போகும். சுட்டால் புகை. பேக்கர் காலத்தில் துரைமார் கைவிட்ட துப்பாக்கி, நூறு வருஷம் கழித்தும் மலைக்காரர் கையில் இருந்தது.

ஏன் என்று கேட்டால், ஏழ்மை என்று சட்டென்று சொல்லிவிடுவோம். ஏழ்மையும் உண்டு. ஆனால் நான் பார்த்த கோப்புகள் வேறு ஒன்றையும் சொல்லின.

1878-ல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டத்தில் ஐரோப்பியர்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று விதிவிலக்கு. இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும். 1920-ல் வந்த புதிய விதிகள்தான் அந்த இனப் பாகுபாட்டை எடுத்தன. குடகர்களுக்கு மட்டும் தனி விலக்கு அன்றும் உண்டு, இன்றும் உண்டு. சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1959-ல் நிறைவேறி 1962-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 13-ஆம் பிரிவைப் படியுங்கள். தற்காப்புக்கோ விளையாட்டு வேட்டைக்கோ கேட்டால், குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, முறுக்கு இல்லாத துப்பாக்கி. பயிர்ப் பாதுகாப்புக்குக் கேட்டால், வாய் வழியாகக் கெட்டிக்கிற துப்பாக்கி. வாய் வழித் துப்பாக்கி போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி திருப்தி அடைந்தால் வேறு கொடுக்கலாம் என்று ஒரு விலக்கும் கீழே இருக்கிறது.

திருப்தி அடைவதற்கு மலைக்காரர் மனு எழுத வேண்டும். மனுவில் கரடி எப்படிப் பாயும், புகை எப்படி நிற்கும் என்றெல்லாம் யார் எழுதுவார்கள்? மனு எழுதிக் கொடுக்கிறவர் 'பயிரைப் பன்றி அழிக்கிறது' என்று ஒரு வரி எழுதுவார். அதற்கு வாய் வழித் துப்பாக்கி போதும். கோப்பு முடிந்தது. விளையாட்டுக்குச் சுடுகிறவருக்குத் தோட்டாத் துப்பாக்கி, வயிற்றுக்குக் காவல் இருக்கிறவருக்குக் கரிமருந்து என்று சட்டப் புத்தகமே பிரித்து வைத்திருக்கிறது. இதை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. மலிவான துப்பாக்கி, சுலபமாகக் கிடைக்கட்டும் என்றுதான் நினைத்திருப்பார்கள். வயலுக்கு வருகிற பன்றியை மட்டும் நினைத்தார்கள். வயலுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையை நினைக்கவில்லை.

ஒருமுறை உரிமம் புதுப்பிக்க மலையில் இருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். இடது கண் இருந்த இடத்தில் தோல் மூடியிருந்தது, மேல் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. புகைப்படத்துக்கும் ஆளுக்கும் பொருந்தவில்லை என்று உதவியாளர் என்னிடம் அனுப்பினார். "போட்டோ பழசுங்க சார், மூஞ்சிதான் புதுசு" என்றார் பெரியவர். விடிகாலையில் கொல்லைக்குப் போகும்போது பாதையிலேயே புற்றருகில் கரடி. தோளில் துப்பாக்கி இருந்தது, கெட்டித்தும் இருந்தது. பன்றிக்காகப் போட்ட ரவை. சுட்டாராம். "ரவை அதும் மயிருலயே நின்னுபோச்சுங்க. அப்புறம் பொகையா வந்துச்சா, பொகைக்குள்ள இருந்து அது வந்துச்சு." இன்னொரு தடவை சுட முடிந்திருந்தால் என்று கேட்டேன். "இன்னொரு கொழலு இருந்தா சுட்டிருப்பேங்க" என்றார். துப்பாக்கியை என்ன செய்தீர்கள் என்றதற்கு, அதன் கட்டையால்தான் அடித்துத் தப்பித்ததாகச் சொன்னார். புதுப் புகைப்படம் எடுத்து வரச் சொல்லி, புதுப்பித்துக் கொடுத்தோம். விலக்கின் கீழ் இரட்டைக் குழல் கேட்டு மனு போடலாம் என்று சொன்னேன். அதன் விலையைக் கேட்டுச் சிரித்தார்.

ரவை விஷயத்தில் அவர் சொன்னது நியாயம்தான். 12 போர் தோட்டாவில்கூட எஸ்.ஜி. என்கிற பெரிய ரவை ஓர் அவுன்சுக்கு எட்டு, எல்.ஜி. ஓர் அவுன்சுக்கு ஆறு. பத்துப் பதினைந்து கஜத்துக்குள் கூட்டமாகப் பட்டால் மானும் கரடியும் விழும். தூரம் கூடக் கூட ரவை பரவும். ஒன்றிரண்டு பட்டுக் காயத்தோடு போகும். காயம்பட்ட கரடி இருக்கிற புதருக்குள் அடுத்த நாள் விறகுக்குப் போகிறவள் யாரோ ஒரு பெண்ணாக இருப்பாள். பழைய வேட்டைக்காரர்களின் எழுதாத சட்டத்தில் முதலாவது, காயப்படுத்தியதைத் தேடி முடிக்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது. ஆண்டர்சன் அதைக் கடைப்பிடித்தார், கார்பெட்டும் கடைப்பிடித்தார். ஐந்து தோட்டா உள்ளவர்கள் கடைப்பிடிக்கலாம்.

தேர்தல் வந்தால் உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அப்படி ஒரு தேர்தலில் சரிபார்க்கப் போனபோதுதான் இவை எல்லாவற்றையும் ஒரே சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். கழுத்தில் அட்டை கட்டி வரிசையாக நின்றன. அரிசி ஆலைக்காரர்களின் இரட்டைக் குழல் 12 போர் எண்ணெய் போட்டுப் பளபளத்தது. பழைய மிட்டாதார் குடும்பத்து .315 ஒன்று, அதன் கட்டையில் சென்னை ஓக்ஸ் கம்பெனியின் தகடு. அப்புறம் மலையில் இருந்து வந்தவை, பத்துப் பன்னிரண்டு. குழலையும் கட்டையையும் கம்பியால் சுற்றிக் கட்டியவை, கட்டை உடைந்து தகரம் அடித்தவை. ஏட்டு ஒருவர் அவற்றைத் தொடும்போது வாயைத் தன் பக்கம் வராமல் திருப்பிப் பிடித்தார். கெட்டித்தது அப்படியே உள்ளே இருக்கும் சார், இவங்க கழற்றமாட்டாங்க என்றார்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு ஆண்டர்சன் காலத்து வேட்டை முடிந்தது. கரடி இப்போது முதல் அட்டவணையில் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து வரும்போது நல்லெண்ணத்தோடு தற்காப்புக்குச் சுட்டால் குற்றமில்லை என்று 11-ஆம் பிரிவு சொல்கிறது. சுட்டவர் அதை மெய்ப்பிக்க வேண்டும். இந்தத் தடை வந்திருக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். மலையில் வேங்கை இல்லாமல் போனதையும் கிரிவலப் பாதையில் மான் இருப்பதையும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். ரமணாசிரமத்தில் பசு லட்சுமிக்கு அருகே ஒரு மானுக்கும் சமாதி கட்டியிருக்கிறார்கள். இந்த ஊரின் சுபாவம் வேறு.

அதன்பின் கோப்புகளில் வந்தவை பெரும்பாலும் வாரிசு மாற்றங்கள். 1980-களில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியும் நின்றது. அப்பா வைத்திருந்த துப்பாக்கிக்குத் தோட்டா கிடைக்கவில்லை, வைத்துக்கொள்ளவும் பயம், விற்கவும் வழியில்லை என்று வருவார்கள். .405 வின்செஸ்டர் என்று எழுதிய கோப்பு ஒன்றே ஒன்று என் கைக்கு வந்தது. அந்தத் தோட்டாவைச் செய்வதை அமெரிக்காவிலேயே எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார்கள். மகன் வெளிநாட்டில், மருமகள் ஒப்படைக்க வந்திருந்தார். துப்பாக்கியோடு ஒரு மஞ்சள் பெட்டியில் மூன்று தோட்டாக்கள் இருந்தன. ரசீதில் எழுதினேன்: ரைபிள் ஒன்று, தோட்டா மூன்று. அதே வாரம் மலையில் இருந்து வந்த வாய் வழித் துப்பாக்கி மனு இரண்டு, பயிர்ப் பாதுகாப்பு என்று எழுதி, மேசையில் அடுத்ததாகக் காத்திருந்தன.